ஈரம் காயாத தலை

ஆனந்தவள்ளி களிமண்ணில் செய்த தலைகளில், உயிரோடு இருப்பவர்களின் தலைகள் காய்வதில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தாலும் ஈரம் போகாது. ஆள் இறந்த அன்றே காதோரம் விரிசல் விடும். ஏற்கெனவே இறந்தவர் என்றால் மூன்று நாளில் உலர்ந்து வெடித்துவிடும். கொள்ளிடத்து மண்ணின் வாகு அப்படி என்று ஸ்ரீரங்கத்தில் சொல்லிக்கொண்டார்கள். அதே மண்ணில் அடுப்பு போடுகிறவர்களுக்கு அப்படி ஒன்றும் நடந்ததில்லை.

அவளுக்கு ஊர் திருகோணமலை. தொண்ணூறாம் ஆண்டு, பதினாறு வயது மகன் செந்தமிழன் சைக்கிளில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனான். கடைத்தெருவில் ராணுவம் வளைத்துப் பிடித்துக்கொண்டு போனதோடு சரி. எட்டு மாதம் அலைந்துவிட்டுப் படகேறினாள். திருச்சி அகதி முகாமில் சில வருடம் இருந்து, வெளியே தங்க அனுமதி வாங்கி, வடக்குச் சித்திரை வீதியில் ரங்கம்மா வீட்டின் பின்கட்டுக்குக் குடிவந்தாள். மாதம் ஒருமுறை முகாமுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

குடிவந்த வாரமே மகன் தலையைச் செய்தாள். அது காயவில்லை. தினமும் அதன் கன்னத்தில் விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் எழுத உட்காருவாள். குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்கள், மொத்தம் பதினான்கு. எல்லாவற்றிலும் ஒரு பையன் சைக்கிளில் தொலைந்துபோவான். பொன்மலை ரயில் பட்டறைக்குள் புகுந்து திரிவான். கடைசிப் பக்கத்தில் வீடு வந்து சேர்வான். கைலாசபுரத்துப் பிள்ளைகள் அந்தக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுவார்கள்.

போட்டோவோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மன்னார்புரம் கியாசுதீன், வளைகுடாவுக்குப் போய்த் தகவலே இல்லாத தம்பியின் படத்தைக் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் தலை வெடித்தது. "இப்பவாவது தெரிஞ்சுதேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஆறுதல் சொன்னபோது ஆனந்தவள்ளிக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது, தன் பிள்ளை ஈரமாக இருக்கிறான் என்று. பிறகு அதற்காக வெட்கப்பட்டாள்.

மூன்று வருடங்களுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு வந்ததும் வராததுமாகக் கன்னத்தைத் தொட்டாள். ஈரம்தான். ஆனால் மேலுதட்டில் ஒரு துளசி இலை ஒட்டியிருந்தது.

"மாமி, நீங்க தண்ணி தெளிச்சனீங்களோ?"

"தீர்த்தந்தான்மா தெளிச்சேன்" என்றாள் ரங்கம்மா.

"இந்தப் பதினெட்டு நாளுமோ?"

"பதினோரு வருஷமா."

ஆனந்தவள்ளி கையெழுத்துப் போடப் போயிருந்த ஒரு நாளில் காதோரம் விரிசல் விட்டதை ரங்கம்மா பார்த்திருக்கிறாள். விரலால் அழுத்தி மூடினாள். அன்றிலிருந்து, இவள் காவேரிக்குக் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துத் தெளித்து வந்தாள். "நீ தெனமும் வந்து தொட்டுப் பாக்கறே. எனக்கு மனசு கேக்கலை." சிற்பியின் விரலுக்கு அது தெரியவில்லையா, தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டதா என்பதை ஆனந்தவள்ளி யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பதினோரு வருடத்தில் ஐந்து புத்தகம் எழுதியிருந்தாள். ஐந்திலும் செத்த பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறாள். மூன்று நாள் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. காது உலர்ந்தது, மூக்கு உதிர்ந்தது. ரங்கம்மா கொண்டுவந்து வைத்த சோறு அப்படியே இருந்தது.

நான்காம் நாள் அம்மா மண்டபம் படித்துறையில், மகனுக்குத் தர்ப்பணத்தை ஒரு பெண் கொடுக்கலாமா என்று கொஞ்சம் இழுத்துவிட்டு, சாஸ்திரிகள் இறந்த திதி கேட்டார். தெரியாவிட்டால் அமாவாசையில் பொதுவாகக் கொடுத்துவிடலாம் என்றார். முகாமில் பிள்ளையைத் தொலைத்த தாய்மார்கள் அப்படித்தான் கொடுத்தார்கள். கூப்பிடாமலே பின்னால் வந்து நின்ற ரங்கம்மா, "ஆவணி, தேய்பிறை ஏகாதசி" என்றாள். "அன்னிக்கு நான் உபவாசம். தப்பாது."

உலகத்தில் அந்த நாளை அறிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனந்தவள்ளி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மாமி சொன்ன நாளே இருக்கட்டும்" என்றாள். தலையை ஆற்றில் விட்டார்கள். எல்லா மண்ணையும்போலக் கரைந்தது.

ஆவணி ஏகாதசியில் இருவரும் ஒரே ஆட்டோவில் படித்துறைக்குப் போகிறார்கள். போகும்போதும் வரும்போதும் பேச்சு கிடையாது. முகாமிலிருந்து இப்போதும் போட்டோவோடு வருகிறார்கள். ஆனந்தவள்ளி தலை செய்து கொடுக்கிறாள். தினமும் பாருங்கோ, விரிசல் கண்டால் திதியைக் குறிச்சு வையுங்கோ என்று சொல்லி அனுப்புகிறாள்.