நூல் கட்டாத காய்

வெங்கிடாசலத்தை நான் நம்புவதில்லை. போர்ட் கொச்சியில் செடிக்கடை வைத்திருக்கிறான். எண்பத்திரண்டில் நான் வளர்த்த செடியில் ஒரு கொம்பை ஒடித்துக்கொண்டு போனான். அதில் பூத்ததைத் தன்னுடைய புதுச் செம்பருத்தி என்று கண்காட்சியில் வைத்துப் பரிசும் வாங்கினான்.

அதனால் எண்பத்து மூன்றில் புதுச் செம்பருத்தி ஒன்று உண்டாக்குவதை மறைத்துச் செய்தேன். மஞ்சள் பூவின் மகரந்தத்தை வெள்ளைப் பூவில் தடவினேன். இருபத்திரண்டு பூ உதிர்ந்து, ஒன்றுதான் காய் பிடித்தது. அதற்கு வழக்கமான அடையாள நூலைக் கட்டாமல் விட்டேன். சுற்றி ஐந்து பூவில் வேலிச் செம்பருத்தியின் தூளைத் தடவிக் காய்க்கவிட்டு, அதில் ஒன்றுக்கு மட்டும் சாக்குத் தைக்கிற நூலைக் கட்டினேன். திருடுகிறவன் அதைத் திருடட்டும். மாடத்தியிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டிதான், ஆனால் குழாயடியில் வாய் நிற்காது.

வெங்கிடாசலம் வந்தான், சாயா குடித்தான். கண் நூலிலேயே இருந்தது.

"என்ன அண்ணாச்சி, காய்க்குப் பூணூல் போட்டாச்சா?" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. காய் முற்றி, வெடிக்கும் முன் பறிக்க வேண்டும். உட்காருவேன், எழுந்து போய்ப் பார்ப்பேன், மறுபடி உட்காருவேன்.

அந்தக் கோடையில் மழையே இல்லை. மட்டாஞ்சேரிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஒருநாள் டாக்டரிடம் கண் காட்டப் படகேறி எர்ணாகுளம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் செடியில் நூல் கட்டிய காய் மட்டும் நிற்கிறது.

வெங்கிடாசலம்தான் என்று செருப்பை மாட்டினேன். மாடத்தி தடுத்தாள்.

"நாந்தான் பறிச்சேன். குடிக்கவே தண்ணியில்ல, இத்தன காய செடி எப்படித் தாங்கும்? நூல் கட்டுனதாவது நல்லா வெளையட்டும்னு பார்த்தேன்."

நூல் வெறும் ஏமாற்று, நூல் கட்டாத ஒன்றுதான் அசல் என்று அவளிடம் சொன்னேன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

குப்பையைக் கிளறி ஐந்து காயையும் எடுத்தேன். வெயிலில் எல்லாம் ஒன்றுபோலக் கருத்துச் சுருங்கிக் கிடந்தன. விதைகளை ஐந்து சட்டியில் ஊன்றினேன். முளைத்தாலும் பூப் பார்க்க ஒரு வருஷம் ஆகும்.

மறுநாள் காலை அவள் அரைச் செம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"எந்தச் சட்டிக்கு ஊத்த?"

"அஞ்சுக்கும் ஊத்து. எதுன்னு எனக்கே தெரியல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை.