கேஸ்கெட்டில் அரை அங்குலம்

கார் நின்ற இடத்திலேயே பறந்தது. சக்கரங்களுக்கு அடியில் இன்ஜினின் திறனை அளக்கும் டைனோ எந்திரத்தின் உருளைகள் சுழல, திரையில் கோடு விறுவிறுவென ஏறி, பாதியிலேயே சோம்பிப் படுத்தது. புதுப் புகைக்குழாயோடு இருநூற்றுப் பதினான்கு குதிரைத்திறன். பழைய புகைக்குழாயோடு இருநூற்றுப் பன்னிரண்டு.

புதுக் குழாயை வெல்டிங் செய்தவள் திரையருகே போய் எண்ணை மறுபடி படித்தாள்.

ரேஸ் டீமின் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும்தான் இந்த அறை நமக்கு. ரெண்டு குதிரைக்காக நாலு காரையும் உங்ககிட்ட விட முடியாதும்மா." டீ குடிக்க வெளியே போய்விட்டார்.

அந்த நான்கு கார்கள் கிடைத்தால்தான் அவளுடைய பட்டறைக்கு ஒரு பெயர். இல்லாவிட்டால் ஓட்டை சைலன்ஸருக்கு ஒட்டுப் போட்டே காலம் தள்ள வேண்டியதுதான்.

பட்டறையில் கூட்டாளியான கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றான். சாப்பாட்டுத் தட்டைக்கூட அளந்து பார்ப்பான் என்பதால் வீட்டில் அவனுக்கு அளவுக் கருவியின் பெயரே பட்டப்பெயர்: காலிப்பர்.

"தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே அண்ணி, ரெண்டரை அங்குலம் போதும்னு. மூணு அங்குலத்துல சாக்கடைக் குழாய் செஞ்சு வச்சிருக்கீங்க."

"இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிற டர்போவைச் சுத்த வைக்கிறதே புகைதான் தம்பி. அதைத் தாண்டினதும் புகை தாராளமா வெளியேறணும். வாசலை அடைச்சுட்டா அது எப்படிச் சுத்தும்?"

"திறந்து வச்சும் சுத்தலையே!"

சுருக்கென்றது. ஆனாலும் அவள் கண் திரையை விடவில்லை. அளவு தப்பென்றால் கோடு இப்படியோ அப்படியோ மாறியிருக்க வேண்டும். இதுவோ பழைய கோட்டின் மேல் அச்செடுத்ததுபோல் கிடந்தது. அப்படியென்றால் புகை இன்னும் பழைய இரண்டரை அங்குல வாசல் வழியாகத்தான் போகிறது.

"கழட்டு."

"கொதிக்குது அண்ணி!"

பெரிய காற்றாடியைத் திருப்பிவைத்து ஆற விட்டார்கள். அரை மணி நேரம் போனது. டர்போவுக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த போல்ட்டுகளைக் கழற்றியதும் விஷயம் வெட்டவெளிச்சமானது. இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் தகட்டு வளையமான கேஸ்கெட்டின் ஓரம் குழாயின் வாய்க்குள் மோதிரம்போல் துருத்திக்கொண்டு, சூட்டில் நீலம் பாரித்திருந்தது. காலிப்பர் அளந்தான்.

"ஓட்டை ரெண்டரை அங்குலம். யாரு வெட்டினது?"

"நான்தான்."

பத்து வருடப் பழக்கம். ஆணியில் தொங்கும் பழைய கேஸ்கெட்டைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போடுவாள், வெட்டுவாள். குழாயை மாற்றியவள் அச்சை மாற்றவில்லை.

"சாக்கடைக்கு மூடி வேற," என்றான் அவன். சொல்லிவிட்டு, கேட்காமலே கேஸ்கெட்டை இடுக்கியில் பிடித்துக் கொடுத்தான். அவள் வட்ட அரத்தால் ராவத் தொடங்கினாள். மூன்று அங்குலம் ஆனதும் மாட்டி முறுக்கினார்கள். மணி நான்கு நாற்பது.

இந்தமுறை டர்போ முன்னமே விழித்துக்கொண்டது. கோடு பழைய இடத்தில் படுக்காமல் மேலே போனது. இருநூற்று முப்பத்தொன்று.

எப்போது உள்ளே வந்தாரோ, மேனேஜர் டீ டம்ளரோடு நின்றிருந்தார். "இன்னொரு தடவை ஓட்டுங்க," என்றார். அதே எண்.

"அடுத்த காரை எப்ப அனுப்பட்டும்?"

"காலையிலேயே அனுப்புங்க சார்," என்று முந்திக்கொண்டான் காலிப்பர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டரை போதும்னு சொன்னது யாருப்பா?"

"கேஸ்கெட் நான் சொன்னதைக் கேட்டுச்சு அண்ணி. அதான் வம்பாயிடுச்சு."

பட்டறைக்குத் திரும்பியதும் ஆணியில் தொங்கிய பழைய கேஸ்கெட்டை எடுத்து இரண்டாக மடித்து, பழைய இரும்புக் குவியலில் வீசினாள். அதற்குள் அவன் புதுத் தகட்டை விரித்து மூன்று அங்குல வட்டம் போட ஆரம்பித்திருந்தான். அளந்துவிட்டு, அவளையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொன்னான்.