கொம்பும் காலும்

அறுநூறு பக்க மருத்துவ அகராதியைப் பதினோரு மாதம் தட்டச்சு செய்து பக்கம் கட்டியவள் அக்கா. அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். இன்று காலை பார்த்தால், முதல் பக்கத்தில் 'பக்க வடிவமைப்பு' என்ற இடத்தில் முதலாளியின் மருமகன் பெயர். அந்த மனிதர் இதுவரை வடிவமைத்தது தன் மீசையை மட்டும்தான். மதியம் கோப்பு அச்சுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அழுது புரண்டாலும் ஆயிரம் பிரதியிலும் அவர் பெயர்தான்.

நேரே முதலாளி அறைக்குப் போனாள். மருமகனும் அங்கேதான் இருந்தார்.

"சார், இந்தப் புக்கை அடிச்சது நான்."

"என்னம்மா இது? மாப்பிள்ளை தான் அடிச்சதா சொல்றாரே!"

"முழுக்க நான்தான் மாமா. இவங்க எழுத்து சைஸ் மட்டும் மாத்தினாங்க," என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மருமகன்.

அக்கா சண்டை போடவில்லை. கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள்.

"மாப்பிள்ளை சார், 'கொ'ன்னு அடிங்க. அப்புறம் ஒரே ஒரு தடவை அழிங்க."

அடித்தார், அழித்தார். கொம்பும் காலும் சேர்ந்து போய் வெறும் 'க' நின்றது.

அடுத்து அகராதியைத் திறந்து, 'கொப்புளம்' என்ற சொல்லில் முதல் எழுத்துக்குப் பின்னால் அதே அழிக்கும் விசையை ஒரு தடவை தட்டினாள். கால் மட்டும் போனது. 'கெ' பல்லைக் காட்டியது. முதலாளி தானே பத்து இடங்களில் தட்டிப் பார்த்தார். பத்திலும் அதே கதை.

"நான் பழைய கீபோர்டுல பழகினவ சார். கொம்பு தனி, கால் தனியா அடிப்பேன். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற."

முதலாளி பேனாவை எடுத்து, அச்சுப்படியின் முதல் பக்கத்தில் மருமகன் பெயரை அடித்துவிட்டு அக்கா பெயரை எழுதினார்.

மருமகன் விடவில்லை. "அப்ப தப்பு இவங்கமேலதானே மாமா? மின்னூலா போடறப்போ, 'கொ' மாதிரி எழுத்து வர்ற ஒரு சொல்லும் தேடினா சிக்காதே!"

தவளை தன் வாயால் கெட்டது.

"சரியாச் சொன்னீங்க மாப்பிள்ளை," என்றார் முதலாளி. "நீங்களே எல்லாத்தையும் திருத்திடுங்க. அச்சு அடுத்த வாரம் போகட்டும்."

மருமகன் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்து அடிக்கத் தொடங்கினார். எல்லாவற்றையும் 'தேடி மாற்று' என்ற ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம், அரை நிமிட வேலை. கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பாள். அவர் கேட்கிற ரகமில்லை.