ஒரு நாள் தாங்கும் கத்தி

அவளை எல்லோரும் மூணுகத்தி என்றே அழைத்தார்கள். பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. சம்பள நாளில் எழுத்தர் அதைச் சொல்லிக் கூப்பிடும்போது, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று எண்ணி அவள் சில கணங்கள் அசையாமல் நிற்பாள். வயது நாற்பத்தாறு. விடியற்காலையில் எழுந்து, தங்கைக்கு வேண்டியவற்றை எடுத்து வைத்து, தலைமயிரை இறுக்கிக் கொண்டையிட்டு, தடித்த துணிச் சுருள் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் பேருந்தில் ஏறுவது அவள் வழக்கம். சுருளுக்குள் முழங்கை நீளத்தில் மூன்று கத்திகள் இருந்தன. மரப்பிடிகள் மட்டும் வெளியே தெரியும். முன்பின் அறியாதவர்கள் அவளருகே அமர மாட்டார்கள். கூட்டம் நெரியும் நாள்களிலும் அவளுடைய இருக்கையில் ஓரிடம் காலியாகவே வரும். நடத்துநர் மட்டும் பழகியவர். இருபது ஆண்டுகளாகத் தாம் எவ்வளவு அதட்டியும் வராத ஒழுங்கு அவள் ஏறியதும் தானாக வந்துவிடுவதாகவும், நியாயப்படி தம் சம்பளத்தில் பாதி அவளுக்கே சேர வேண்டும் என்றும் அவர் சொல்வதுண்டு.

மீன் வெட்டும் கூடத்தில் ஒருவர் இரண்டு கத்திகள் வைத்திருப்பதில் வியப்பில்லை. ஆளுயர மீனின் தலையைத் துண்டிக்கக் கனமான கத்தி வேண்டும். முள்ளை ஒட்டிச் சதையைச் சீவியெடுக்க மெல்லிய, நீண்ட கத்தி வேண்டும். ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது. அவற்றைக் கூடத்திலேயே விட்டுச் செல்வாரும் இல்லை. ஒரே கையில் ஆண்டுக்கணக்காகப் பழகிய பிடி அந்தக் கைக்கு ஏற்பத் தேய்ந்துவிடும். பிறகு அது வேறொருவருக்கு அடங்காது. ஆகவே நாற்பது பேரும் நாள்தோறும் எண்பது கத்திகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள், சுமந்துகொண்டு போனார்கள். எண்பத்தொன்றாவது கத்தி அவளுடையது.

சுருளை அவிழ்த்துப் பார்க்கும் வாயிற்காவலர், "ரெண்டு கை, மூணு கத்தி. மூணாவதை வாயிலயா கவ்விக்குவே?" என்று கேட்பார்.

"வாய்க்குத்தான் நாக்கு இருக்கேண்ணே. அதுவே போதும்" என்பாள்.

அக்கூடத்தில் எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. ஒருவர் மற்றவருடைய கத்தியை இரவல் வாங்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது பிடியை முன்னால் நீட்டி, அதைக் கொண்டு எதை வெட்டினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மீன் என்றால் தண்ணீரில் அலசினால் போதும். கயிறு என்றால் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். எலும்பு என்றால் அலகைத் தடவிப் பார்க்க வேண்டும். கூடத்தில் பொய்க்குப் பஞ்சமில்லை. தம் வயது, மருமகளின் குணம், விடுப்புக்குக் காரணமான வயிற்றுவலி ஆகிய எதிலும் உண்மை பேசாதவர்கள் அங்கே உண்டு. ஆயினும் கத்தி எதை வெட்டியது என்பதை மட்டும் எவரும் மறைத்ததில்லை. மறைத்தால் மறுநாள் ஒருவருடைய கை போகும் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மறைத்தார். அவர் இப்போது கூடத்தின் மேற்பார்வையாளர். அப்போது மூணுகத்தியின் தங்கைக்குப் பக்கத்து மேசையில் வெட்டுக்காரராக இருந்தார். ஒரு நாள் வேலை முடியும் தறுவாயில் தங்கையின் கனத்த கத்தியை இரவல் வாங்கினார். சற்று நேரத்தில் கழுவித் துடைத்து, ஒன்றும் சொல்லாமல் அவளுடைய மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அவள் முதல் மீனின் கழுத்தில் அதை வைத்து உடலின் பாரம் முழுவதையும் இறக்கியபோது, அலகு பிடியின் வாயில், இரண்டும் சேரும் இடத்தில், முறிந்தது. வெறும் பிடியோடு இறங்கிய வலக்கை, மீனில் செருகி நின்ற அலகின்மேல் விழுந்தது. மூன்று விரல்களின் நரம்புகள் அறுந்தன. விசாரணையில் தங்கை நடந்ததைச் சொன்னாள். அவரோ, அந்தக் கத்தியைத் தாம் தொடவே இல்லை என்றார். அவர் குரலை உயர்த்திப் பேசாதவர். பிறர் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவருடைய சொல் எடுபட்டது. பழுதான கருவியைச் சோதிக்காமல் பயன்படுத்தியது தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அதுவரை அவரை "அண்ணே" என்று அழைத்துவந்த மூணுகத்தி, அன்று முதல் "சார்" என்று அழைக்கத் தொடங்கினாள். மரியாதை கூடிவிட்டதாக மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் ஒருவருக்குத்தான் அது புரிந்தது.

விரல்கள் மடங்காமல் போனதைத் தங்கை ஒருவாறு தாங்கிக்கொண்டாள். இடக்கையால் உண்ணவும் பொத்தான் மாட்டவும் கற்றுக்கொண்டாள். கோப்பில் எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் அவளை மெல்ல மெல்லத் தின்றது. முதல் ஆண்டில் அவரைத் திட்டித் தீர்த்தாள். மூன்றாம் ஆண்டில் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டாள். இப்போதோ அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை நீட்டினால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள். போன மாதம் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்: "ஒருவேளை அவர் வாங்கவே இல்லியோக்கா? நான்தான் எங்கியாவது போட்டு நெம்பிட்டு மறந்துட்டேனோ?"

கையைப் பறித்தவன் நினைவையும் பறித்துக்கொண்டான் என்பது அன்றுதான் மூணுகத்திக்கு முழுமையாக விளங்கியது. நடந்ததை உறுதியாக நம்பும் ஒரே ஆள் இனித் தான்தான்; தானும் தளர்ந்துவிட்டால், அது நடக்காததாகவே ஆகிவிடும்.

முறிந்த கத்தியைக் கோப்பு மூடப்பட்ட பிறகே கூடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் அதைப் பட்டறைக்கு எடுத்துச் சென்றாள். பட்டறைக்காரர் பிடியை உடைத்து, உள்ளே செருகியிருந்த அலகின் வாலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பாதி உடைப்புல துரு ஏறியிருக்கு பாரு, இது முதல் நாளே விரிஞ்சது. மீதிப் பாதி பளபளன்னு இருக்கு, இது மறுநாள் போனது. வெட்டினா இப்படிப் போகாதும்மா. ஐஸ் பாளத்துல விட்டு எவனோ நெம்பியிருக்கான்" என்றார். அவள் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். மூடிய கோப்பைத் திறக்க வழியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றே மீண்டும் பட்டறைக்கு வந்து, அலகையும் வாலையும் ஒட்டிப் புதுப்பிடி போட்டுத் தரும்படி கேட்டாள்.

"ஒட்டித் தரலாம். ஆனா ஒரு நாள்கூடத் தாங்குமான்னு சந்தேகம். அழுத்தி ஒரு மீன் வெட்டினா போச்சு."

"ஒரு நாள் போதும்ணே."

அவர் அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு உலையை ஊதத் தொடங்கினார்.

அன்று முதல் அந்தக் கத்தி அவளுடைய சுருளில் மூன்றாவதாக இருந்தது. விடுமுறை நாள்களில் மற்ற இரண்டோடு அதையும் தீட்டி, எண்ணெய் தடவி வைப்பாள். பார்ப்பவருக்கு நாள்தோறும் உழைக்கும் கத்தி போலவே இருக்கும். யாராவது இரவல் கேட்டால், தன் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பாளே தவிர, அதைத் தொடவிட மாட்டாள். நேர்ந்துவிட்ட கத்தியா அது என்று கேலி செய்தார்கள். ஆமாம் என்றாள். மேற்பார்வையாளர் பதவி உயர்வு பெற்ற நாளில் தம் கத்திகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டார். இனி ஆயுளுக்கும் பேனாதான் என்று சிரித்தார். என்றேனும் ஒரு நாள் ஆள் குறையும், அவர் மேசைக்கு இறங்கி வருவார், எல்லோருடைய கையிலும் அவரவர் கத்தி ஓடிக்கொண்டிருக்கும், தன்னிடம் மட்டும் ஒன்று மிஞ்சியிருக்கும் என்று அவள் கணக்கிட்டிருந்தாள். அது எந்த நாள் என்று தெரியாது. ஆகவே எல்லா நாளும் சுமந்தாள். தோளில் அதன் கனம் ஏறும்போதெல்லாம், பசித்தவனுக்குச் சோற்றின் மணம் எட்டினாற்போல், அவள் நெஞ்சில் ஒரு நிறைவு உண்டாகும்.

ஊரெங்கும் காய்ச்சல் பரவியிருந்த ஒரு வாரத்தில் அந்த நாள் வந்தது. பதினொருவர் வேலைக்கு வரவில்லை. நண்பகலுக்குள் வண்டி புறப்பட்டாக வேண்டும். வெட்ட வேண்டிய மீன்கள் சுவரோரம் மதில்போல் அடுக்கிக் கிடந்தன. மேற்பார்வையாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, மேலங்கி அணிந்து, ஈரத் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். எந்த மேசையிலும் நிற்கவில்லை. நேராக அவளிடம் வந்தார்.

"ஒரு கத்தி கொடும்மா."

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு, சுருளிலிருந்து மூன்றாவதை உருவி, பிடியை முன்னால் நீட்டினாள். "எடுத்துக்குங்க சார்." விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கும் குரலில் அதைச் சொல்ல முடிந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது.

அவர் எதிர் மேசைக்குப் போனார். தொப்பை மேசை விளிம்பில் இடித்தாலும் கை தொழிலை மறக்கவில்லை. செவுளுக்குப் பின்னால் கட்டைவிரலால் இடம் பார்த்தார், அலகை வைத்தார், வலத்தோளை உயர்த்தினார். கட்டைவிரல் பிடியின் வாயில், தங்கை வைப்பது போலவே, சரியாகப் படிந்திருந்தது. இன்னும் ஒரு மூச்சு. அது எங்கே முறியும், கை எங்கே விழும், எந்த மூன்று விரல்கள் போகும் என்பது அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். நாக்கின் அடியில் இனிப்பு ஊறியது.

அந்த ஒரு மூச்சுக்குள், எட்டு ஆண்டுகளாகப் பார்க்க மறந்த ஒன்றையும் அவள் பார்த்தாள். அவர் சாய்வார். பத்துப் பேர் ஓடிவந்து தாங்குவார்கள். கூடமே பழங்களோடு அவர் வீட்டுக்குப் போகும். பழுதான கருவியைக் கொடுத்தது யார் என்று புதிய கோப்பு ஒன்று திறக்கும். அடிபட்டவனிடம் யாரும் பழைய கேள்வியைக் கேட்கமாட்டார்கள். அவர் உத்தமராகவே வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். செய்தி கேட்டு முதலில் அழுபவள் தங்கையாகத்தான் இருப்பாள். பாவம்க்கா, என்னைய மாதிரியே ஆயிடுச்சே என்று சொல்வாள். அதைக் காதால் கேட்க முடியாது என்று மூணுகத்திக்குத் தோன்றியது. இவ்வளவு மலிவாக அவரை விட்டுவிடக் கூடாது.

"சார். அதை வைங்க."

அவர் நிமிர்ந்தார். அவள் போய், அவர் கையிலிருந்த கத்தியை வாங்கி, அலகைப் பலகையின் விளிம்பில் வைத்து ஒரு முறை அழுத்தினாள். டக்கென்று முறிந்த அலகு தரையில் நீரோடும் வாய்க்காலில் விழுந்து சிறிது தூரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. வெறும் பிடி அவள் கையில் நின்றது. பக்கத்து மேசைகளில் வேலை நின்றது.

"இது என் தங்கச்சி கத்தி. எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க திருப்பி வெச்சீங்க. எதை வெட்டினீங்கன்னு சொல்லாமப் போயிட்டீங்க. இப்பச் சொல்லுங்க."

தொடவே இல்லை என்ற பழைய சொல் அவர் உதட்டுவரை வந்ததை அவள் கண்டாள். ஆனால் அவர் தம் வலக்கையை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும்னேதான் கொடுத்தியா?"

"ஆமா சார். நான் கொடுத்தது என்னன்னு நான் சொல்லிட்டேன். நீங்க வெட்டினது என்னன்னு நீங்க சொல்லுங்க."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு, மீனிடம் சொல்வது போலக் குனிந்து, "ஐஸ்" என்றார்.

"எனக்கு அது எப்பவோ தெரியும். தெரிய வேண்டியது அவளுக்கு."

இன்னும் இரண்டே ஆண்டுகளில் ஓய்வு பெறப்போவதாகவும், இப்போது இது வெளியே போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்றும், மூத்த மகளுக்கு இப்போதுதான் மாப்பிள்ளை பார்த்திருப்பதாகவும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். குரல் அப்போதும் மென்மையாகவே இருந்தது. அந்த மென்மையை அவள் முன்னெப்போதையும்விட அதிகமாக வெறுத்தாள்.

"அப்ப அவளுக்கு முப்பது வயசு சார்" என்றாள்.

பிறகு தன்னுடைய சொந்தக் கனத்த கத்தியை அலசிப் பிடியை முன்னால் நீட்டினாள். "இதுல வெட்டுங்க, இது உடையாது. உங்க கைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. நடந்ததை எழுதித் தர்றதுக்கு வேணும்."

அவர் வாங்கிக்கொண்டார். வேறு வழி இல்லை, வண்டி நின்றுகொண்டிருந்தது. நண்பகல்வரை அவர் தலைகளைத் துண்டித்துத் தள்ள, அவள் எதிரே நின்று முள்ளையும் சதையையும் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் கையை அவள் ஏறிட்டுப் பார்த்தாள். பார்க்கிறாள் என்று தெரிந்து அவர் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தயங்கினார். கடைசிப் பெட்டியும் ஏறி, வண்டி வாயிலைக் கடந்த பிறகு, அவள் மேலங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள்.

"நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வரேன் சார். வாசல்லயே நிக்க வெக்கிறேன். அவ காதுல விழற மாதிரி சொல்லுங்க. சொல்லலேன்னா, அதுக்கு மறுநாளும் கூட்டிட்டு வருவேன்."