கறுக்காத கண்

ஸ்கேன் அறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அடிபட்டு வருகிறவர்களை வாசலில் பார்த்ததுமே, "இது உடைஞ்சிருக்கு, இது வெறும் வீக்கம்" என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்து, இமை பன் மாதிரி உப்பியிருந்தால்தான் கண்குழி எலும்பு போயிருக்கும் என்பது அவள் தீர்மானம்.

அதனால்தான், விளையாட்டில் தோழியின் முழங்கை இடித்துவிட்டது என்று ஒன்பது வயது மகள் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தபோது, இமையை விரித்துப் பார்த்ததோடு சரி. கண் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

சாயங்காலம் பிள்ளை இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மறுநாள் முழுக்கப் படுத்தே கிடந்தாள்.

"மேல பாத்தா குமட்டுதும்மா. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

"நாளைக்குப் பரீட்சைன்னா எல்லாம் தெரியும். இந்த நடிப்பை என்கிட்ட வச்சுக்காதே. தினம் எத்தனை கண்ணு பாக்குறேன்!"

பரீட்சைக்கு அனுப்பியும் வைத்தாள், புண்ணியவதி. பாதியிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாளாம்.

ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் விரலை உயர்த்தி, "தலையை அசைக்காம இதைப் பாரு" என்றார். ஒரு கண் மேலே போனது. மற்றது நின்ற இடத்திலேயே நின்றது. நாடி பார்த்தார். மிக மெதுவாக அடித்தது.

"குழந்தைங்க எலும்பு வளைஞ்சு விரிசல் விடும், உடனே மூடிக்கும். கண்ணை அசைக்கிற தசை நடுவுல மாட்டிக்கும். அதான் வாந்தி, மயக்கம் எல்லாம். வெளிய ஒண்ணும் தெரியாது. எப்ப அடிபட்டுச்சு?"

"முந்தாநாள், டாக்டர்."

"அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா."



அன்றே அறுவை சிகிச்சை செய்து தசையை விடுவித்தார்கள். ஆனால் நசுங்கிக் கிடந்தது முழுதாகத் தேறவில்லை. ஆறு மாதம் ஆகியும், நேரே பார்த்தால் ஒன்று, நிமிர்ந்து பார்த்தால் இரண்டு.

ஒரு காலை அம்மா நின்றபடி மகளுடைய பள்ளிச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மகள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"நீ ரெண்டா தெரியுறேம்மா. இதுல என்னை நடிக்கிறேன்னு சொன்னது எந்த அம்மா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்மா தரையில் மண்டியிட்டு, மகளின் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"இந்த அம்மாதான்டி" என்றாள்.