பூக்கிண்ணத்தில் விரிந்த காளான்

லமியட் அம்மாளின் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சாய்பின் அந்த மூன்று மொக்குக் காளான்களைச் சமைத்தாள். பாசமாவது மண்ணாவது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

லமியட், சாய்பினின் மகளைக் கட்டிக்கொள்ளப்போகும் மாப்பிள்ளையின் அம்மா. கடற்கரைப் பக்கம் சொன்புரியில் துணிக்கடை வைத்திருப்பவள். மூன்று மாதத்துக்கு முன் சம்பந்தம் பேச, தாய்லாந்தின் வடக்கே மலைப்பக்கம் இருக்கிற பிரேவுக்கு வந்தபோது, முன்கூடத்தில் கிடந்த பழைய மேசைமேல் முழங்கையை ஊன்றினாள். மேசையின் பச்சைப் பெயிண்ட் உரிந்து அவளுடைய பட்டுச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே, "பரவாயில்ல, இந்த வீட்டுல எதைத் தொட்டாலும் ஒட்டிக்கும்போல. எங்க பையன் வந்து ஒட்டிக்கிட்ட மாதிரி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சாய்பினும் சிரித்து வைத்தாள். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவ்வளவுதான், பிடிவாதம் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரமே மேசையை வாசலுக்கு இழுத்துப் போட்டாள். பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் எந்தப் புண்ணியவானோ அடித்து வைத்த கறுப்பு. மூன்றையும் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தோள் கழன்றுபோகும் அளவுக்குத் தேய்த்து, அரக்குப் பாலிஷை மெல்லிய துணியில் தொட்டுத் தொட்டுப் பதினான்கு தடவை பூசினாள். அடியில் இருந்தது அசல் தேக்கு. புருஷன் போன பிறகு ஒன்பது வருடம் ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் பூ கட்டித்தான் மகள் கெவாலினைப் படிக்க வைத்தாள். மகள் கல்யாணத்துக்கு வெளியாளைக் கூப்பிடுவாளா? மல்லிகையும், அந்த ஊரில் அன்பின் பூ என்கிற எருக்கம்பூவும் மாற்றி மாற்றிக் கோத்த மாலைகள், வாழையிலையை மடித்து மடித்து எழுப்பிய கோபுரம், விருந்துச் சமையல் எல்லாம் அவள் கைதான்.

கல்யாணம் மே மாதத்தில் விழுந்தது. முதல் மழை பெய்து காட்டில் காளான் கிளம்பும் சமயம். கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் பக்கத்து வீட்டு புவாலாயைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனாள். விருந்துக் குழம்புக்கு உருண்டை உருண்டையாக மண்காளான் ஒரு கூடை கிடைத்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை, அந்த ஊர்ப் பிள்ளைகள்கூடப் பொறுக்குவதுதான். திரும்பும் வழியில், ஒரு மரத்தடியில் சருகை விலக்கினால் ஆறு முட்டைக் காளான்கள். எல்லாம் மொக்கு, இன்னும் விரியவில்லை.

முட்டைக் காளானில் ருசியானதும் உண்டு, ஆளைக் கொல்வதும் உண்டு. விரிந்த பிறகு வித்தியாசம் தெரியும். நல்லதன் குடை ஓரத்தில் சீப்பால் வாரிய மாதிரி கோடு இருக்கும், காம்பை நறுக்கினால் உள்ளே கூடாக இருக்கும். கெட்டதன் ஓரம் வழவழவென்று இருக்கும், காம்பு உள்ளே கெட்டி. மொக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

"விரியாததைத் தொடாதக்கா" என்றாள் புவாலாய்.

"போன வருஷமும் இதே மரத்தடியிலதான் எடுத்தேன். நீயும்தானே தின்ன. செத்தா போய்ட்ட?"

"நான் தின்னது விரிஞ்சதை."

"இது வளந்தா அதுதான். சும்மா வா."

"என்னமோ போ. அரிசி போட்டாவது பாத்துடு."

காளானோடு ஒரு பிடி அரிசியைப் போட்டு வேகவைத்தால், விஷமாக இருந்தால் அரிசி கறுத்துவிடும் என்று அந்தப் பக்கத்து அடுப்படிகளில் ஒரு நம்பிக்கை. சாய்பின் மூன்று மொக்குகளை அரிசி போட்டு வேகவைத்தாள். அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தது. மனம் நிம்மதியானது. மிளகாயும் சின்ன வெங்காயமும் எலுமிச்சம்புல்லும் இடித்துப் பிசறி, வாழையிலையில் பொட்டலம் கட்டி, தணலில் சுட்டாள். ஒரே ஒரு பொட்டலம், சம்பந்திக்கு மட்டும். மீதி மூன்று மொக்குகளும் வடிவாக இருந்ததால் அவற்றைச் சமைக்க மனசு வரவில்லை. அகலமான மண்கிண்ணத்தில் பாசி பரப்பி, ஆர்க்கிட் பூக்களுக்கும் மல்லிகைக்கும் நடுவே அவற்றைச் செருகி, தேக்கு மேசையின் நடுவில் வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏழு மணிக்கு லமியட் வந்தாள். மேசையை விரலால் தடவினாள், விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

"புதுசு வாங்கினீங்களா?"

"பழசுதான் சம்பந்தியம்மா. உங்க சட்டையில ஒட்டிச்சே, அதே மேசை."

லமியட் மேசையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். சாய்பினுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அதே சூட்டோடு பொட்டலத்தை ஒட்டும் சோறோடு தட்டில் வைத்து, பெண் அலங்காரம் நடந்த உள்ளறைக்குக் கொண்டுபோய், அங்கே போய் உட்கார்ந்திருந்த லமியட்டிடம் கொடுத்தாள். ஏழரை மணிக்கு இலை வழித்தெடுத்த மாதிரி காலியாகத் திரும்பி வந்தது.

ஒன்பது அடிக்கக் கால் மணி இருக்கும்போது, வாடின மல்லிகையை மாற்றலாம் என்று கிண்ணத்தருகே போனாள். மொக்குகளில் ஒன்று விரிந்திருந்தது.

பறித்த பிறகும் காளான் வளரும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. பூக்களுக்கு நடுவே குடை மேலெழும்பி நின்றது. சுத்த வெள்ளை. குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். கோடு இல்லை. விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. பூ நறுக்கும் கத்தியை எடுத்துக் காம்பைக் குறுக்கே வெட்டினாள். உள்ளே கெட்டியாக, ஒரு துளைகூட இல்லாமல் இருந்தது.

மேசையைப் பிடித்துக்கொண்டாள். அரிசி கறுக்கவில்லையே, அரிசி வெள்ளையாகத்தானே இருந்தது என்று தனக்குத்தானே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டாள். ஒரு வேளை இது ஒன்று மட்டும் கெட்டதாக இருக்கலாம். சமைத்த மூன்றும் நல்லதாக இருக்கலாம். ஒரே மரத்தடியில் இரண்டும் முளைக்காதா என்ன? அவள் சொன்னதை அவளே நம்பவில்லை.

ஆற்றுக்கு அக்கரை ஊரில் ஒரு குடும்பமே காளான் தின்று செத்துப்போனது அவளுக்குத் தெரியும். காலையில் தின்றார்கள், பகல் முழுக்க ஒன்றுமில்லை. சாயங்காலம் வாந்தி பேதி. மறுநாள் சரியாகி எழுந்து நடமாடினார்கள், கோழிக்குத் தீனிகூடப் போட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொருவராக ஈரல் போய்ச் செத்தார்கள்.

இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால்? மாப்பிள்ளை வீட்டாரில் ஒருத்தர் இங்கே நிற்பாரா? மேசையைப் பற்றிச் சொன்ன சொல்லுக்கு விஷம் வைத்தாள் என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கும். கெவாலினின் கல்யாணம் அந்த நிமிஷத்தோடு முடிந்துவிடும்.

"சாய்பின், நேரம் ஆகுதும்மா. வந்து உக்காரு" என்று சடங்கு செய்யும் பெரியவர் கூப்பிட்டார்.

காளானை இலையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். சடங்கு ஒரு மணி நேரம்தான். நூல் கட்டி முடியட்டும், முடிந்த கையோடு சொல்லிவிடலாம். மனசு இப்படி ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தது, அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்கு, அந்த ஊர் நல்ல நேரத்துக்கு, சடங்கு தொடங்கியது. பெண்ணும் மாப்பிள்ளை தனாகோனும் தலையில் வெள்ளை நூல் வளையங்களோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வளையத்திலிருந்து மற்றதற்கு நூல் ஓடியது. ஒவ்வொருவராக வந்து மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தினார்கள். சாய்பின் மகளைப் பார்க்கவில்லை. அவள் கண் முழுக்க லமியட்மேல்தான். லமியட் விசிறினால் இவளுக்குப் பகீரென்றது. லமியட் ஏப்பம் விட்டாள், இவள் பாதி எழுந்து உட்கார்ந்தாள். லமியட் வியர்வையைத் துடைத்தாள், ஆரம்பித்துவிட்டது என்று இவள் நினைத்தாள். மே மாதத்து வெக்கையில் கூடத்தில் எல்லோருக்கும்தான் வியர்த்தது.

சம்பந்திகள் ஒருவருக்கொருவர் நூல் கட்டும் முறை வந்தது. லமியட் கையை நீட்டினாள். சாய்பினின் விரல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன, முடிச்சு விழவே மாட்டேன் என்றது. லமியட் அவளைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, குத்தல் எதுவும் இல்லாத சிரிப்பு. அதைத்தான் சாய்பினால் தாங்க முடியவில்லை. அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.

பத்து மணிக்குச் சடங்கு முடிந்து ஜனங்கள் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். சாய்பின் லமியட்டின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். இலைச் சுருளைப் பிரித்துக் காட்டினாள்.

"நீங்க காலையில சாப்பிட்ட காளான் இதா இருக்கலாம். இது விஷம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்னை என்ன வேணா சொல்லுங்க, வண்டியில ஏறிக்கிட்டுச் சொல்லுங்க."

லமியட் திட்டுவாள், கத்துவாள் என்று காத்திருந்தாள். லமியட் அவள் கையை இறுகப் பற்றினாள்.

"சாப்பிட்டது நான் மட்டும் இல்ல" என்றாள்.

"என்ன?"

"பாதியை உங்க பொண்ணுக்கு ஊட்டிவிட்டேன். விடிஞ்சதுலேருந்து ஒண்ணும் சாப்பிடலன்னு சொல்லிச்சு. இவ்வளவு ருசியா நான் சாப்பிட்டதே இல்ல. அதான் அதுக்கும்…"

சாய்பினுக்கு மீதி காதில் விழவில்லை. கூடத்துக்கு ஓடினாள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மகளைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள். கெவாலின் எழுந்த வேகத்தில் தலை நூல் இழுபட, தனாகோனும் கூடவே எழுந்து ஓடி வந்தான். நூலைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. லமியட்டையும் ஏற்றிக்கொண்டு புவாலாய்தான் வண்டியை எடுத்தாள். "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று அழுதுகொண்டே, எதிரே வந்த எதற்கும் ஒதுங்காமல் ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் சின்னப் பெண். காளானைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"அரிசி போட்டுப் பாத்தேன் டாக்டர். கறுக்கல" என்றாள் சாய்பின்.

"அரிசிக்கு என்னம்மா தெரியும்" என்றாள் மருத்துவர். "எப்பச் சாப்பிட்டாங்க?"

"ஏழரைக்கு."

மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். சரி, பாக்கலாம்."

அந்த ஒரு மணி நேரம் சாய்பினின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேருக்கும் விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். பொன்சரிகைப் பாவாடையும் கரி ஒட்டிக் கறுத்த உதடுமாக மகள் கட்டிலில் கிடந்தாள். சாயங்காலம் இருவருக்கும் வாந்தி பிடித்தது. மறுநாள் நின்றது. கெவாலின் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்று சிரித்தாள். அக்கரை ஊர்க்காரர்கள் கோழிக்குத் தீனி போட்டது சாய்பினுக்கு ஞாபகம் வந்தது. வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் மகளின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. அன்று அவள் எந்தக் கோயிலுக்கு என்ன நேர்ந்துகொண்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஐந்தாம் நாள் ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு இறங்கியது. ஆறாம் நாள் இன்னும் இறங்கியது. இரண்டு பேரும் தப்பித்துவிட்டார்கள் என்றாள் மருத்துவர்.

அந்த ஆறு நாளும் லமியட் ஒரே பேச்சைப் பேசினாள். பார்க்க வந்த சொன்புரி உறவுகளிடம், நர்ஸிடம், எதிர்க் கட்டில்காரியிடம், "தன் பொண்ணு கல்யாணம் முறிஞ்சாலும் பரவாயில்லன்னு என்கிட்ட வந்து உண்மையைச் சொன்னாங்க. நான் மட்டும்தான் சாப்பிட்டேன்னு நெனச்சுத்தான் சொன்னாங்க, அதைப் பாருங்க. வேற ஒருத்தியா இருந்தா மூடி மறைச்சிருப்பா." கேட்டவர்கள் சாய்பினைக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடுக்கும் அவளுக்கு உடம்பு கூசியது. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

வீட்டுக்குப் போகும் நாள் காலையில், துணிகளை மடித்துக்கொண்டிருந்த சாய்பின் அப்படியே நிறுத்தினாள்.

"சம்பந்தியம்மா, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நூல் கட்டுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

லமியட் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்பது மணிக்கு முன்னாடியே அதை வெட்டிப் பாத்துட்டேன். கல்யாணம் முடியட்டும்னு ஒரு மணி நேரம் உங்களைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

பக்கத்துக் கட்டிலில் கெவாலின் விழித்துத்தான் இருந்தாள். "அம்மா" என்றாள் மெதுவாக. "நானும் சாப்பிட்டேன்னு தெரிஞ்சிருந்தா?"

சாய்பின் மகளைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"அந்த நிமிஷமே தூக்கிக்கிட்டு ஓடியிருப்பேன்."

லமியட் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுக்கேறிப் போன வெள்ளை நூல் இன்னும் அங்கே இருந்தது. சாய்பின் கட்டியது.

"இதைக் கட்டும்போது உங்க கை நடுங்குச்சு" என்றாள் லமியட். "பொண்ணைப் பிரியுற அம்மா, பாவம்னு நெனச்சேன்."

சாய்பின் தலை குனிந்தாள். லமியட் கையை அவள் பக்கம் நீட்டினாள்.

"இதை அவுத்துடு. அவுத்துட்டு மறுபடி கட்டு. எனக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சு கட்டு."

சாய்பின் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆறு நாள் ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பி அதை அவிழ்க்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. அதுவரை லமியட் கையை இழுத்துக்கொள்ளவில்லை.