காயம் படாத பிடி

"அடிச்ச ஆள் எப்படி இருப்பான்? உயரம், உடம்பு, ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று குத்துச்சண்டை மாஸ்டர் கேட்டதும் டெய்லரம்மா யோசிக்கவேயில்லை. "மார்பு நாப்பத்திரெண்டு, தோள் பதினெட்டரை, முழுக்கை இருபத்திநாலு, கழுத்து பதினாறு" என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். கையுறை மாட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். இருபது வருஷமாகச் சண்டை சொல்லிக்கொடுக்கிறார். அடி வாங்கிக்கொண்டு வந்து எதிராளியின் சட்டை அளவைச் சொன்னவரை அன்றைக்குத்தான் பார்க்கிறார். டெய்லரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தையல்காரி கண்ணு மாஸ்டர். பாத்தாலே அளவு தெரிஞ்சுடும்" என்று சமாளித்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒருவன் பையைப் பிடுங்க வந்தான், மறித்ததற்கு அடித்துவிட்டான் என்பது வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்த கதை. திருடனுக்கு மீசை வைத்திருந்தாள், வலது கன்னத்தில் ஒரு தழும்புகூட வைத்திருந்தாள். அளவை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள். அது அவள் புருஷனுடைய அளவு.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்று யாரைச் சொன்னாலும் டெய்லரம்மா நம்பமாட்டாள். இவரைச் சொன்னால் மட்டும் நம்புவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை நோக்கிக் கை ஓங்கியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வண்டிச் சாவியை வைத்த இடம் மறந்தது. பிறகு வண்டியை விற்றது மறந்தது. இப்போது சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், லோடு ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று கிளம்பிவிடுவார். ஒருமுறை விட்டுவிட்டுத் தேடி அலைந்ததில் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அதிலிருந்து கதவைப் பூட்டி அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வாள். மறிப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. முதலில் தள்ளினார், பிறகு அடித்தார். டாக்டர் கொடுத்த மாத்திரை காலையில் இரண்டு மணி நேரம் தூங்கவைத்தது; சாயங்காலத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன மாதம் இடது கண்ணுக்குக் கீழே பட்டது. வீடியோவில் பேசிய மகளிடம் அலமாரிக் கதவு என்றாள். மகள் அம்மாவைப் போலவே, கண்ணாலேயே அளவெடுப்பவள்.

"அலமாரிக் கதவுக்கு விரல் இருக்காம்மா?"

டெய்லரம்மா முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை உன் உடம்புல ஒரு அடையாளம் பாத்தேன்னா அப்பாவை ஹோம்ல சேத்துடுவேன். நான் கேட்டுவச்சுட்டேன், இடம் இருக்காம். அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். நேர்ல பாப்பேன்."

மகள் கல்நெஞ்சக்காரி இல்லை. போனை வைப்பதற்குள் அழுதுவிட்டாள். அவள் சொன்ன இடத்தை டெய்லரம்மா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை, முதுகுப் பக்கம் நாடா. இவருக்குத் தோள் பத்தாது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளால் மிஷினில் உட்காரவே முடியவில்லை.

அதனால்தான் இந்த அலைச்சல். காலை மாத்திரைக்குப் பிறகு பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவர் தூங்குவார். வெளியே பூட்டிவிட்டு ஓடினால் ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். முதல் நாள் எல்லா இடத்திலும் இலவசம். வாடிக்கையாளர் அளவுகளை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: என்மேலும் அடையாளம் விழக்கூடாது, அவர்மேலும் விழக்கூடாது. இப்படி ஒரு சண்டை உண்டா என்று யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது. தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொட வேண்டும்.

குத்துச்சண்டையில் கால் வைப்பது பிடித்திருந்தது. அடி வருமுன் அரை அடி விலகுவது நல்ல வித்தைதான். ஆனால் விலகினால் கதவு திறந்துவிடுமே. தவிர, கைநீளம் உள்ளவனுக்கே லாபம் என்று மாஸ்டரே ஒத்துக்கொண்டார். அவளுடைய கை இருபது அங்குலம். 'நாலு இஞ்ச் குறைவு. முகம் வீங்கும். வேண்டாம்' என்று எழுதினாள்.

கராத்தே மாஸ்டர் சுறுசுறுப்பான மனிதர். "மூணே இடம்தான் மேடம். தொண்டை, முழங்கால், அப்புறம் உங்களுக்கே தெரியும். மூணுல ஒண்ணு பட்டாலும் ஆள் குளோஸ்" என்று உற்சாகமாகக் கையை வெட்டிக் காட்டினார். அந்தத் தொண்டைக்குத்தான் அவள் தினமும் காலையில் சோப்பு நுரை தடவிச் சவரம் செய்துவிடுகிறாள். கத்தி இறங்கும்போது அவர் எச்சில் விழுங்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அண்ணாந்து காத்திருப்பார். அந்தப் பக்கத்தில் அவள் எதுவும் எழுதவில்லை. ஒரு சனிக்கிழமை போன டேக்வாண்டோ வகுப்பில் எல்லாம் காலை உயரத் தூக்கி உதைக்கும் எட்டு வயதுப் பிள்ளைகள். மிஷின் மிதித்து உரமேறிய கால்தான், ஆனாலும் இடுப்புக்கு மேலே ஏறுவேனா என்றது. பின்வரிசைப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, விழுந்துடாதீங்க" என்று பிடித்துக்கொண்டாள். டெய்லரம்மாவே சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் நினைத்துக்கொண்டாள்.

கடைசியாகத்தான் ஜூடோ. சொல்லிக்கொடுத்தது அகலத் தோளும் அமைதியான குரலுமாக ஒரு டீச்சர். பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், இப்போது இதுதான் வேலை. உள்ளே நுழைந்ததும் டெய்லரம்மாவின் கண் ஆட்களைப் பார்க்கவில்லை, அவர்கள் போட்டிருந்த கனத்த வெள்ளைச் சட்டையைத்தான் பார்த்தது. காலரில் நாலு மடிப்பு, ஐந்து வரித் தையல். அக்குளில் தனியாக ஒட்டுத் துணி. இழுத்தால் துணிதான் ஆளைக் கொண்டுவரும், துணி கிழியாது. இங்கே குத்து இல்லை, உதை இல்லை. எதிராளியின் காலரையும் கையையும் பிடிக்கிறார்கள், இடுப்பில் சாய்த்துக் கீழே இறக்குகிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு அமுக்குகிறார்கள். கீழே இருப்பவர் தரையை இரண்டு தட்டுத் தட்டினால் மேலே இருப்பவர் விட்டுவிடுகிறார். எழுந்து ஒருவருக்கொருவர் தலைகுனிகிறார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. டெய்லரம்மா நோட்டை மூடினாள்.

"இதுதான் எனக்கு வேணும் டீச்சர்."

டீச்சர் நேர்மையான பெண். "அக்கா, உண்மையைச் சொல்லிடறேன். பஸ் ஸ்டாப் திருடனுக்கு இது அவ்வளவு சரிப்படாது. இது சட்டையை நம்பியிருக்கற கலை. அவன் பனியன் போட்டுட்டு வருவான். நீங்க பிடிச்சதும் கிழிஞ்சு கையோட வந்துடும்."

"இவர் நான் தச்சுக் குடுத்தா போட்டுப்பாரு" என்றாள் டெய்லரம்மா.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. டீச்சர் அவள் கண்ணுக்குக் கீழே மஞ்சளாகிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். போலீஸ் கீலீஸ் என்று ஆரம்பிக்குமுன் டெய்லரம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சாயங்காலம், லோடு, கதவு, மகள், முதுகில் நாடா வைத்த சட்டை. டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லித் தரேங்க்கா. ஆனா ஒண்ணு. இங்க ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தான் ஒருத்தர ஒருத்தர் பிடிக்கிறோம். அவருக்கு அது தெரியாது."

டெய்லரம்மா தலையாட்டினாள். காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. மனசு ஏற்கெனவே காலர் மடிப்புக்கு எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

மூன்று வாரம் அந்த ஒரே பிடியைப் பழகினாள். வீட்டில் ராத்திரி அவர் தூங்கும்போது சட்டை வளர்ந்தது. கப்பல் பாய் போலக் கனத்த நீலத் துணி, காலருக்குள் இரட்டைக் கேன்வாஸ், தோளிலும் அக்குளிலும் மூன்று வரித் தையல். அவர் தோலில் உரசாமல் இருக்க உள்ளே பழைய மெல்லிய துணியை வைத்துத் தைத்தாள். எத்தனையோ பேருக்குக் கல்யாண உடுப்புத் தைத்திருக்கிறாள். இதற்குப் பட்ட கவனம் எதற்கும் பட்டதில்லை. போட்டுவிட்டதும் அவர் கண்ணாடியில் பார்த்துக் காலரைத் தடவிக்கொண்டார். "நல்ல டெய்லர்" என்றார்.

மகள் வருவதற்கு முந்தின சனிக்கிழமை. ஐந்து மணிக்கு அவர் எழுந்து செருப்பைத் தேடினார். டெய்லரம்மா கூடத்தில் மெத்தையை விரித்துவிட்டுக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"வழிய விடுங்க. லோடு நிக்குது."

"இன்னைக்கு லோடு இல்லங்க. உக்காருங்க."

"விடுங்கன்றேன்ல!"

கை ஓங்கியது. அவள் உள்ளே புகுந்தாள். இடது கையில் அவர் முழங்கைத் துணி, வலது கையில் காலர். இடுப்பைத் திருப்பினாள். அவ்வளவு பெரிய உடம்பு கனமே இல்லாதது போல அவள் முதுகின்மேல் வந்து, சறுக்கி, மெத்தையில் மெதுவாக இறங்கியது. தையல் ஒன்றுகூட விடவில்லை. கழுத்தைச் சுற்றிக் கைபோட்டு, தலையை அவர் தலையோடு சேர்த்துத் தாழ்த்தி அமுக்கிக்கொண்டாள். அவர் திமிறினார். பிடி அசையவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள். நாளைக்கு மகள் வந்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

திமிறல் நின்றது. தரையைத் தட்ட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருடைய ஒரு கை நெஞ்சின்மேல் எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தது.

"பர்ஸு... இங்கதான் வச்சிருந்தேன். எடுத்துக்குங்க. வண்டிய வேணாலும் எடுத்துட்டுப் போங்க." சட்டையில் பையே இல்லை. விரல் மாட்டிக்கொள்ளும் என்று அவள் பை வைக்கவில்லை. "என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க சார். வீட்ல என் பொண்டாட்டி தனியா இருக்கா. நான் போயாகணும். இருட்டிடுச்சுன்னா அவளுக்குப் பயம். யார்கிட்டயும் சொல்லமாட்டா, மிஷின்லயே உக்காந்திருப்பா."

டெய்லரம்மாவின் கை தானாகக் கழன்றது. அவர் அடித்துப்பிடித்துப் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டி, முழங்காலை மடக்கி, முகத்தின் குறுக்கே கையை வைத்துக்கொண்டார். கால்சட்டை நனைந்திருந்தது. "நான்தாங்க" என்று அவள் ஓர் அடி வைத்தாள். அவர் இன்னும் சுருங்கினார். அவள் எந்தத் திசையில் நகர்ந்தாலும் அந்தக் கை முகத்தை மறைத்துக்கொண்டு கூடவே திரும்பியது. இத்தனை நாளும் கதவை மறித்து நின்றவளை அடித்தது, கதவுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ காத்திருந்தவளிடம் போய்ச் சேரத்தான். அது புரிந்ததும் டெய்லரம்மாவுக்கு வயிற்றுக்குள்ளிருந்து அழுகை வந்தது. அழுதால் இன்னும் பயப்படுவாரே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நான் போயிடறேன்" என்றாள். "உங்கள ஒண்ணும் பண்ணல. போயிடறேன்."

பூட்டைத் திறந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மாடிப்படியில் சாயங்கால வெயில் இன்னும் மிச்சமிருந்தது. எதிர்வீட்டு ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்தாள். கலைந்த தலைமுடியை ஒதுக்கி முடிந்துகொண்டாள். புடவை மடிப்பைச் சரிசெய்தாள். பிறகு தன் வீட்டு அழைப்பு மணியை முதன்முதலாகத் தானே அழுத்தினாள்.

உள்ளே சத்தமே இல்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.

"யாரு?" நடுங்கும் குரல்.

"நான்தாங்க. வந்துட்டேன்."

கதவின் அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரிந்தது. இரண்டு பாதங்களின் நிழல் அதில் மெதுவாக வந்து நின்றது.